எக்ஸ்ரே, சிடி, ‘கரண்ட்’: கதிர் உடம்புக்குள் என்ன செய்கிறது, அதை நாமே கணக்குப் பார்ப்பது எப்படி

“ஏனுங் தம்பி, சுடுங்களா?”

எங்கள் மெஷின் ரூம் வாசலில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கோயமுத்தூரில் பதினாலு வருஷமாக ரேடியோதெரபி டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். தாராபுரம், கோபி, சத்தியமங்கலம், உடுமலை என்று விடியக்காலையிலேயே பஸ் ஏறி வருகிறவர்கள் ஒரு மஞ்சப்பையில் ரிப்போர்ட்டும் இன்னொரு பையில் சோத்துப் போசியுமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். கேன்சருக்குக் கதிர் கொடுப்பதை நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோம், அந்தப் பேரைக் கேட்டதுமே பாதி உயிர் போய்விடுகிறது. ஷாக் அடிக்குமா, உள்ளே கருகிவிடுமா, வீட்டுக்குப் போனால் பேரக் குழந்தையைத் தூக்கலாமா என்று ஆயிரம் கவலை. இன்னொரு பக்கம், இரண்டு நாள் தலைவலி என்றாலே “எதுக்கும் ஒரு சிடி எடுத்துப் பார்த்துருங்க டாக்டர்” என்று அடம்பிடிக்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். பயப்பட வேண்டாத இடத்தில் பயமும் யோசிக்க வேண்டிய இடத்தில் அலட்சியமும் இருப்பதற்குக் காரணம், கதிர் உடம்பில் என்ன செய்கிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லாததுதான். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதிர் என்ற பேச்சு எங்கே வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மாதிரிக் கதிர்? எவ்வளவு? எவ்வளவு நேரத்துக்குள்? யாருடைய உடம்பில், எந்த இடத்தில்? இந்த நாலும் தெரியாமல் ‘ரேடியேஷன் ஆபத்து’ என்றோ ‘ஒண்ணும் ஆகாது’ என்றோ சொல்கிறவர் பேச்சை நம்ப வேண்டாம், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் சரி.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிப் பிடுங்குகிற அளவுக்குச் சக்தி உள்ள கதிர் ஒரு ஜாதி: எக்ஸ்ரே, காமா, ஆல்ஃபா, பீட்டா எல்லாம் இதில் வரும். இதை அயனியாக்கும் கதிர் என்பார்கள், நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான். செல்போன் டவர், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, தோட்டத்து மேலே போகிற உயர் மின்னழுத்தக் கம்பி, இவற்றுக்கெல்லாம் அந்தச் சக்தி கிடையாது. மின்கோபுரத்துக்கு நிலம் போவது வேறு வழக்கு, அதில் நான் விவசாயி பக்கம்தான், ஆனால் கம்பியிலிருந்து எக்ஸ்ரே வருகிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கர்ப்பிணிக்கு எடுக்கிற வயிற்று ஸ்கேனில் இருப்பது வெறும் ஒலி அலை. எம்ஆர்ஐ காந்தமும் ரேடியோ அலையும். இரண்டிலும் அயனியாக்கும் கதிர் துளிகூட இல்லை. சிடி அப்படியில்லை, அது எக்ஸ்ரேயை வைத்து எடுப்பது. ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், அதனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இப்போது அம்மாயிகள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். சுடுமா? சுடாது. கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்வோம், ஒரு கிலோ சதைக்குள் ஒரு ஜூல் சக்தி இறங்கினால் ஒரு கிரே. உடம்பு முழுக்க ஒரேயடியாக 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோவார்கள், அவ்வளவு பெரிய அளவு அது. ஆனால் அந்த 4 கிரே உடம்பின் சூட்டை எவ்வளவு ஏற்றும் தெரியுமா, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேக்கரியில் நின்று ஒரு வாய் சூடான டீ குடித்தால் உடம்புக்குள் இறங்குகிற சூடு இதே அளவுதான். அப்படியானால் கதிர் கொல்வது சூட்டால் இல்லை. எங்கே அடிக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

அடி விழுகிற இடம் டிஎன்ஏ. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு புரியை முறுக்கி ஒன்றாக்குவார்கள். டிஎன்ஏவும் இரட்டைப் புரிக் கயிறுதான். செல்லில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் கதிர் உள்ளே நுழைந்ததும் பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறைத்தான் உடைக்கிறது. உடைந்த துண்டில் ஹைட்ராக்சில் என்று ஒன்று உண்டு, பக்கத்தில் எது இருந்தாலும் பாய்ந்து கடிக்கிற ஜென்மம், அதுதான் போய்ப் புரியை அறுக்கிறது. எக்ஸ்ரேயால் வரும் சேதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தண்ணீர் வழியாக வருவது, மீதி கதிரே நேராகப் போய் அறுப்பது. ஒரு கிரே பட்டால் ஒரு செல்லில் ஒற்றைப் புரி மட்டும் அறுந்த இடங்கள் சுமார் 1,000 இருக்கும், ஒரே இடத்தில் இரண்டு புரியும் அறுந்தவை 30, 40 இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு புரி அறுந்தால் எதிர்ப் புரி அப்படியே நிற்கிறது, அதைப் பார்த்து செல் சரியாக ஒட்டிவிடும். கதிரே படாத செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கான சின்னச் சேதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, செல் ஓயாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் நுனி தனித்தனியாகப் போய்விடும், எதோடு எதைச் சேர்ப்பது என்ற குழப்பம் வரும். சரியாகச் சேர்ந்தால் தப்பித்தது. சேராவிட்டால் அடுத்த முறை இரண்டாகப் பிரியப் போகும்போது செல் செத்துப் போகும். தப்பாகச் சேர்ந்து, சாகாமலும் பிழைத்துக்கொண்டால் அந்தத் தப்பு பிள்ளைச் செல்லுக்கும் பேரன் செல்லுக்கும் போகும், அப்படிப் போனதில் ஒன்று பல வருஷம் கழித்துக் கேன்சராகலாம்.

கவனித்தீர்களா, செல் பிரியும்போதுதான் சாகிறது. அதனால் சீக்கிரம் சீக்கிரம் பிரிகிற செல்தான் முதலில் அடிபடும். 1906லேயே பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒரு சின்ன வெங்காயத்தை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். சுற்றி இருக்கிற சதைப்பற்றான அடுக்குகள் வளர்ந்து முடிந்தவை, சும்மா இருப்பவை. அடியில், நடுவில் பச்சையாக ஒரு பொட்டு தெரியும், முளை. அங்கேதான் செல் பிரிந்துகொண்டிருக்கிறது. மகாராஷ்டிராவில் லாசல்காவில் வெங்காயத்துக்கு 100 கிரேக்கும் குறைவாகக் காமாக் கதிர் கொடுக்கிறார்கள், அடுக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, முளை மட்டும் செத்துப் போகிறது, வெங்காயம் மாதக்கணக்கில் முளைக்காமல் இருக்கிறது. (அந்த வெங்காயத்தில் கதிர் தங்காது, சாப்பிடலாம். லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லையே, அந்த மாதிரி.) நம் உடம்பில் முளை மாதிரி இருப்பவை எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், வாயின் உள்தோல், முடி வேர், விதைப்பை, வயிற்றில் வளர்கிற சிசு. அடுக்கு மாதிரி இருப்பவை தசை, நரம்பு. கேன்சர் கட்டி முளை ஜாதி, அதனால்தான் கரண்ட் வைக்கவே முடிகிறது.

அடுத்து, நேரம். கதிர் பட்ட அன்றைக்கு ஒன்றுமே தெரியாது, பத்து நாள் கழித்துத் தெரியும். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிணற்றை வைத்துத்தான் சொல்வேன். ஊற்றுக்கண் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே கிணறு வற்றிவிடாது. நிற்கிற தண்ணீர் அப்படியே நிற்கும், மோட்டார் போட்டு இறைக்க இறைக்கத்தான் மட்டம் இறங்கும். மஜ்ஜையிலும் குடலிலும் இருக்கும் மூலச் செல்கள் ஊற்று, வேலை செய்துகொண்டிருக்கும் செல்கள் நிற்கிற தண்ணீர். கதிர் அடைப்பது ஊற்றை. குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் முழுக்க மாறுகிற சமாச்சாரம், அதனால் அங்கே சீக்கிரம் தெரியும். ரத்தத் தட்டணு பத்து நாள் வாழும், சிவப்பணு 120 நாள், அதனால் அவை மெதுவாகக் குறையும். விதிவிலக்கு ஒன்று உண்டு: லிம்போசைட் என்ற வெள்ளையணு அதிகம் பிரியாது, ஆனாலும் கதிர் பட்டதும் ஒரு நாளுக்குள்ளேயே சாகும். விபத்தில் ஒருவருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று டாக்டர்கள் முதலில் இதன் எண்ணிக்கையை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

இந்தத் தாமதம் கொங்கு நாட்டில் நமக்கு ரொம்ப முக்கியம், காரணம் நம் பவுண்டரிகளும் பழைய இரும்புக் கடைகளும். வார்ப்பிலும் வெல்டிங்கிலும் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 வைத்துக் காமாப் படம் எடுப்பார்கள். அந்த மூலப்பொருள் பார்க்கப் பென்சில் துண்டை விடச் சின்னது, பளபளவென்று இருக்கும், சாதாரண உலோகத் துண்டு மாதிரிதான் தெரியும். 1999 பிப்ரவரியில் பேரு நாட்டில் யனாங்கோ என்ற இடத்து நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர் அப்படி ஒன்று கீழே கிடந்ததை எடுத்துப் பேண்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார், வீட்டுக்கும் கொண்டுபோனார். ராத்திரி தொடையில் வலி. கடைசியில் ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளுக்கு ஏலத்தில் வந்த ஒரு பழைய கருவியைப் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 இருந்தது, ஒருவர் இறந்தார், பலருக்குத் தோல் வெந்துபோனது. தொட்ட நேரத்தில் யாருக்கும் சுடவில்லை.

ஆகவே பவுண்டரியிலோ ஆக்கர் கடையிலோ வேலை பார்க்கிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி மாதிரி படம் போட்ட பெட்டி, அல்லது அளவுக்கு மீறிக் கனக்கிற சின்ன ஈயப் பெட்டி வந்தால் கேஸ் கட்டரை எடுக்கக் கூடாது. கையால் தொடக் கூடாது, காலால் தள்ளவும் கூடாது. முதலில் தூரம் போங்கள், தூரமே பெரிய காப்பு: 1 மீட்டரில் இருக்கிற அளவு 2 மீட்டரில் கால் பங்காகிவிடும், 10 மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆளை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொன்னால் அவர்கள் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்து ஆட்கள் வருவார்கள். யாராவது தொட்டுவிட்டிருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், தொட்ட நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் நிற்பதை வைத்து ஊற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்கேனுக்குப் போகும்போது

இங்கே அளவு எங்கேயோ இறங்கிவிடும். கிரேயை விட்டுவிட்டு மில்லிசீவர்ட் என்ற அலகில் பேசுவோம், சீவர்ட்டில் கதிரின் ஜாதியும் படுகிற உறுப்பும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கும். மண், கல், காற்று, ஆகாயம், சாப்பாடு என்று இயற்கையாகவே உலகத்தில் ஒரு மனிதனுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 இருக்கிறது, நீங்கள் இதைப் படிக்கிற ஒவ்வொரு நொடியிலும் உங்களுக்குள் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்து கதிர் விட்டுக்கொண்டிருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02இலிருந்து 0.1 வரை. தலை சிடி சுமார் 2. நெஞ்சு சிடி சுமார் 7. வயிற்று சிடி 8, 10 என்று போகும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே என்பது சில நாள், சில வாரம் சும்மா உயிரோடு இருந்தால் வருகிற கதிர், ஒரு நெஞ்சு சிடி என்பது மூன்று வருஷத்துக் கதிர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

இந்த அளவுகளில் தோல் சிவக்காது, முடி கொட்டாது, அதற்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. தோல் சிவக்க ஒரே இடத்தில் ஒரேயடியாக 2 கிரே வேண்டும், அதற்குக் கீழே அந்தப் பேச்சே இல்லை. கேன்சர் வாய்ப்பு மட்டும் வேறு மாதிரி. அதற்கு வரம்பு இருக்கிறது என்று நிரூபிக்க முடியாததால், கொஞ்சம் பட்டால் கொஞ்சம் வாய்ப்பு, அதிகம் பட்டால் அதிக வாய்ப்பு என்று வைத்துத்தான் உலகம் முழுக்கப் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களையும் சேர்த்து சுமார் 1,20,000 பேரைப் பல பத்து வருஷங்களாகப் பின்தொடர்ந்து பார்த்ததுதான் இதற்கு முக்கிய ஆதாரம். அந்தக் கணக்குப்படி 10 மில்லிசீவர்ட் பட்டால் வாழ்நாளில் கேன்சரால் இறக்கும் வாய்ப்பு சுமார் 2,000 பேரில் ஒருவருக்குக் கூடுகிறது. பிழைத்தவர்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2,000 பேரில் ஒருவர் என்பது பெரிதா, சின்னதா? எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி, வாந்தி எடுக்கிறார். வாய் கோணி ஒரு பக்கம் கை தூக்க முடியவில்லை. இந்த நேரத்தில் கதிரைப் பற்றி யோசித்து ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அது குற்றம். உடனே எடுங்கள். ஆனால் போன மாதம் ஒரு ஊரில் எடுத்த சிடியின் படம் தொலைந்துபோய்விட்டதால் இந்த மாதம் இன்னொரு ஊரில் திரும்ப எடுப்பது, அது வீண் கதிர், வீண் காசு. படத்தையும், படத்தைப் பதிந்து கொடுக்கிற வட்டத் தகட்டையும் நகைப்பெட்டியில் வைப்பது போல வையுங்கள், ஒவ்வொரு டாக்டரிடம் போகும்போதும் கொண்டுபோங்கள். டாக்டரிடம் மரியாதையாகவே கேட்கலாம்: “இந்த சிடியில் என்ன வந்தால் என்ன செய்வீங்க, வராட்டி என்ன செய்வீங்க? அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ பார்க்க முடியுங்களா?” இரண்டு பதிலிலும் மருந்து ஒன்றுதான் என்றால் சிடி வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். அவர்கள் உடம்பில் முளை அதிகம், முன்னால் இருக்கிற வருஷமும் அதிகம், அதனால் ஒரே அளவு கதிர் அவர்களைக் கூடுதலாகப் பாதிக்கும். “குழந்தைக்குத் தகுந்த செட்டிங்கில் எடுங்க” என்று வாய் திறந்து சொல்லலாம். என் தங்கை மகனுக்கு நாலு வயதில் கை முறிந்தபோது ஒரு எக்ஸ்ரே சென்டரில் தங்கையையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், ஈயக் கவசம் சுவரில் தொங்குகிறது, எடுத்துக் கொடுக்கவில்லை, கதவு திறந்திருக்க இன்னும் இரண்டு பேர் உள்ளேயே நிற்கிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு படத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் தினமும் இருபது தாய்மார்களுக்கு இப்படிச் செய்தால் அது பழக்கம், அந்தப் பழக்கத்தில்தான் எனக்குக் கோபம். பிடிக்கிறவருக்குக் கவசம், மற்றவர்கள் வெளியே, கதவு சாத்தல், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். படுத்திருக்கிற நோயாளிக்கு ஏன் கவசம் போடவில்லை என்று மட்டும் சண்டை போடாதீர்கள், இப்போதைய மெஷின்களில் அது சில சமயம் படத்தை மறைத்துத் திரும்ப எடுக்க வைத்துவிடும்.

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் சொல்லிவிடுங்கள், மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று கூச்சப்பட வேண்டாம். தெரியாமல் எடுத்துவிட்டால்? பதறாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் கீழே. சிசுவுக்கு உறுப்புக் குறை, மூளைக் குறை வருகிற பேச்சு சுமார் 100 மில்லிகிரேக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது, அதற்குக் கீழே கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்று சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. வயிற்றுச் சிடியே எடுத்துவிட்டிருந்தாலும் முதலில் ஒரு மருத்துவ இயற்பியலாளரிடம் அளவைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள், கேன்சர் சிகிச்சை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பார்கள். கணக்குப் போடாமல் “கலைச்சிருங்க” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கரண்ட் வைக்கும்போது

கேன்சருக்கு மொத்தம் 50, 60, 70 கிரே கொடுக்கிறோம். உடம்பு முழுக்க 4 கிரேயே ஆளைக் கொல்லும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அப்புறம் எப்படி? ஒன்று, கட்டி இருக்கிற இடத்துக்கு மட்டும் பல திசைகளிலிருந்து குறி வைத்துக் கொடுக்கிறோம். இரண்டு, பிரித்துக் கொடுக்கிறோம், பெரும்பாலும் தினமும் 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள். பிரித்துக் கொடுக்கிற யோசனைக்குப் பின்னால் இருப்பது செம்மறிக் கிடாய். பாரிசில் கிளாடியஸ் ரெகோ என்ற மருத்துவர் கிடாயின் விதைப்பைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். ஒரே தவணையில் மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்துபோனது, பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது தோல் பிழைத்தது, கிடாய் மலடானது. விதைக்குள்ளே வேகமாகப் பிரிகிற செல்லை அவர் கட்டியாக நினைத்துக்கொண்டார், தோலை நல்ல சதையாக நினைத்துக்கொண்டார். இரண்டு தவணைக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் நல்ல செல் புரியை ஒட்டிக்கொள்கிறது, கட்டியின் செல் அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்வதில்லை. இந்த வித்தியாசத்தின் மேல்தான் எங்கள் தொழிலே நிற்கிறது.

இதிலிருந்து வருகிற முதல் விதி: நடுவில் நாள் விடாதீர்கள். நல்ல செல்லுக்குக் கிடைக்கிற இடைவெளி கட்டிக்கும் கிடைக்கிறது, வாய், தொண்டைக் கேன்சரில் மூன்று நாலு வாரம் ஆனதும் மிச்சமிருக்கிற கட்டிச் செல் முன்னை விட வேகமாகப் பிரிய ஆரம்பிக்கும். அந்தக் கேன்சர்களில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டியை அடக்கும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. ஊரில் நோம்பி, பங்காளி வீட்டுக் காதுகுத்து, மஞ்சள் வெட்டு, ஆள் கிடைக்கவில்லை, இதற்கெல்லாம் நாலு நாள் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் கோபப்பட முடியாது, யாரும் அவர்களுக்குக் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். மெஷின் ரிப்பேர் ஆகி நாள் போனால் “விட்ட நாளை எப்படி ஈடு கட்டுவீங்க?” என்று கேளுங்கள். சனிக்கிழமை கொடுக்கலாம், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியாவது விட்டு இரண்டு தவணை கொடுக்கலாம்.

இரண்டாவது, ரத்தமும் மூச்சும். ஆக்சிஜன் இருந்தால்தான் ஹைட்ராக்சில் செய்த முறிவு ஒட்ட முடியாதபடி நிலைத்துப்போகும். ஆக்சிஜன் இல்லாத கட்டிச் செல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிரைத் தாங்கும். அதனால்தான் ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், அதனால்தான் பீடி சிகரெட்டை விடச் சொல்லிக் கெஞ்சுகிறோம். சிகிச்சை நடக்கும்போதும் புகை பிடித்தால் கதிரின் பலன் குறையும். சத்து மாத்திரை, ஆன்டிஆக்சிடன்ட் பொடி எதையும் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

தோல் விஷயத்தை ஒருவரை வைத்தே சொல்கிறேன். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாயி, அறுபத்தெட்டு வயது, வெத்தலை புகையிலை போட்டு வந்த கன்னப் புற்று, ஆப்பரேஷன் முடிந்து 30 தவணை கரண்ட். தலையை அசைக்காமல் இருக்க ஒரு வெள்ளை வலை மாஸ்க் செய்வோம், சுடுதண்ணீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக், முகத்தில் வைத்து அழுத்தினால் முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். பதினாலாவது நாள் மாஸ்க்கைக் கழற்றும்போது உள்பக்கம் முழுக்க மஞ்சள், கன்னத்தில் பிசுபிசுவென்று எண்ணெய். தோல் சிவக்க ஆரம்பித்ததும் மருமகள் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறாள், அக்கறையில் செய்ததுதான். எங்கள் வீட்டிலும் மஞ்சள் போடுகிறவர்கள், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மஞ்சளுக்குக் கீழே தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியவில்லை, தடியாக அப்பிய எண்ணெய் மேல்தோலில் கதிரைக் கூட்டும், அதைத் தேய்த்துக் கழுவினால் இளசாக இருக்கிற தோல் உரிந்துகொண்டு வரும். மெதுவாக, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. “இனி தண்ணி மட்டும் போதுமுங் அம்மாயி” என்றேன். “சேரீங் கண்ணு” என்றார்.

கதிர் படுகிற தோலுக்கு வேண்டியது இவ்வளவுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றி எடுக்க மெல்லிய பருத்தித் துணி, கழுத்தை உரசாத தளர்ந்த சட்டை அல்லது ரவிக்கை, வெயிலில் போனால் துண்டால் மூடுவது, பிளேடு வைத்துச் சவரம் செய்யாமல் இருப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு மட்டும். முதல் இரண்டு வாரம் தோலில் ஒன்றும் தெரியாது, கிணற்றுக் கதைதான். குறி வைக்க நாங்கள் தோலில் போட்டிருக்கிற பேனாக் கோட்டை அழிக்காதீர்கள்.

வாய், தொண்டைக்குக் கரண்ட் என்றால் ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம், பத்து வருஷம் கழித்துப் பல் எடுக்கப் போனாலும் “எனக்கு இங்கே கரண்ட் வெச்சிருக்கு” என்று சொல்ல வேண்டும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும். அரிசிம்பருப்புச் சாதத்தை மிளகாய் போடாமல் குழைய வடித்து நெய் விட்டு ஆறவைத்துக் கொடுங்கள், ராகிக் கூழ், மோர், முட்டை எது இறங்குகிறதோ அது. எடை குறைந்தால் மாஸ்க் தொளதொளத்துப் போகும், மாஸ்க் தளர்ந்தால் குறி விலகும், அதனால் சாப்பாடும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயைத் திறந்து பழக்குங்கள், தசை இறுகுவது மாதக்கணக்கில் மெதுவாக வருகிற வேலை, வந்த பிறகு திருப்புவது கஷ்டம்.

இந்த மெஷினில் கரண்ட் வைத்தவர் உடம்பில் கதிர் தங்காது. வெங்காயம் மாதிரியேதான். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை எதுவும் வேண்டாம், குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது கண் கலங்காத பாட்டிகளை நான் பார்த்ததில்லை. தைராய்டுக்குக் குடிக்கக் கொடுக்கிற அயோடின்-131 மட்டும் வேறு, அது உடம்புக்குள் இருக்கும், எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகும், ஆஸ்பத்திரி சொல்கிற நாள் வரைக்கும் கர்ப்பிணியையும் குழந்தையையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். உடம்புக்குள் கதிர் மருந்து ஏற்றி எடுக்கிற பெட் (PET) ஸ்கேன் எடுத்தவர்களும் அன்றைக்குச் சில மணி நேரம் அப்படி இருந்து நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கடைசித் தவணை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம், பத்து நாளுக்குப் புண் இன்னும் கூடும். முடிந்துபோனதே, ஏன் கூடுகிறது என்று எல்லோரும் பயந்து போன் செய்வார்கள். கடைசி நாள் அடைத்த ஊற்றுக்கு இப்போதுதான் மட்டம் இறங்குகிறது, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, புண்ணில் சீழ் வைத்தாலோ உடனே வாருங்கள், மற்றபடி பொறுத்திருங்கள். தாராபுரத்து அம்மாயிக்குக் கரண்ட் முடிந்த பத்தொன்பதாவது நாள் கன்னத்து ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்துவிட்டது என்று மருமகள் போன் செய்தாள், கூடவே இனிமேல் மஞ்சள் பூசலாமுங்களா என்று கேட்டாள். வியாழக்கிழமை ரிவ்யூவுக்கு வரும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க, அதுவரைக்கும் தண்ணி மட்டும்தான் என்றேன்.